ஈயம் பற்ற வைக்கக் கற்றுக்கொள்ளுங்களேன்!

டோல்கேட்டில் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், "கடல் காத்துக்கு ஒண்ணும் நிக்காதும்மா" என்பார்கள். ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், பித்தளைக் குடம் களிம்பேறும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சேதம். ரேடியோ, சார்ஜர் லைட், குழந்தையின் பொம்மைக் கார் இவற்றுக்குள்ளே இருக்கிற பச்சை அட்டையில் நடப்பது தெரிவதில்லை. அதில் ஓடும் கோடுகளும் செம்புதானே! உப்பு ஈரம் பட்டால் அதற்கும் களிம்புதான். திடீரென்று ஒரு நாள் சாமான் நின்றுவிடும். "போர்டு போச்சு, புதுசு வாங்கிக்குங்க" என்று கடையில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்.

பல சமயம் போர்டு போயிருக்காது. ஈயம் வைத்த இடம் ஒன்று விட்டுப்போயிருக்கும், அவ்வளவுதான். மெக்கானிக்குகள் இதை 'டிரை சோல்டர்' என்பார்கள். என் மகன் பாலிடெக்னிக்கில் படித்தபோது, அவன் பக்கத்தில் உட்கார்ந்து இதை நானும் கற்றுக்கொண்டேன். எம்ப்ராய்டரி போடுகிற கைக்கு இது பெரிய வித்தையில்லை.

தெருவில் ஈயம் பூச வருகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவி, பிறகுதான் ஈயத்தைத் தேய்ப்பார். நவச்சாரம் அழுக்கை எடுத்தால்தான் ஈயம் ஒட்டும். போர்டிலும் அதே கதைதான். நவச்சாரத்துக்குப் பதில் ரோசின் என்கிற பிசின். ஆனால் பாத்திரத்துக்குப் பூசுவது வெள்ளீயம். போர்டுக்கான கம்பியில் 60 பங்கு வெள்ளீயத்தோடு 40 பங்கு காரீயம் கலந்திருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும். இரண்டும் சேர்ந்தாலோ 183 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்! எனக்கு இது இன்னமும் அதிசயம்தான்.

எங்கள் தெருவில் சாயங்காலம் மீன் விற்கிற அக்காவின் சார்ஜர் லைட் ஒரு நாள் நின்றுபோனது. லைட் இல்லாவிட்டால் அன்றைய வியாபாரம் ஆறு மணியோடு சரி. பிளக்கைப் பிடுங்கி, பேட்டரி வயரையும் கழற்றிவிட்டுத் திறந்து பார்த்தேன். சார்ஜர் செருகுகிற இடத்தில் பச்சைக் களிம்பு. காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு விரிசல். பழைய டூத் பிரஷ்ஷில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துக் காயவிட்டேன். (இது தீப்பிடிக்கும். அடுப்பு எரிகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.) அயர்னின் முனையை ஈர ஸ்பாஞ்சில் துடைத்து, செம்பு வட்டம், கம்பிக்கால் இரண்டையும் சேர்த்துத் தொடுகிற மாதிரி இரண்டு மூன்று விநாடி வைத்தேன். ஈயத்தை அயர்னில் உருக்கி அப்பக் கூடாது. சூடான இடத்தில் காட்டினால் தானே ஓடிப் பரவும். பளபளவென்று சின்னக் கோபுரம் மாதிரி நின்றால் பிடித்துவிட்டது. சாம்பல் நிறத்தில் உருண்டையாக உட்கார்ந்தால் மறுபடி சூடுகாட்ட வேண்டும். அக்கா அன்றைக்கே லைட்டை எடுத்துப் போனார்.

"எடைத் தராசையும் பாத்துக் குடேன்" என்றார். அதை நான் தொடமாட்டேன். வியாபாரத் தராசுக்கு அரசாங்க முத்திரை உண்டு. 2009-ஆம் வருஷச் சட்டப்படி லைசென்ஸ் உள்ளவர்தான் ரிப்பேர் செய்யலாம். அதேபோல் மைக்ரோவேவ் அடுப்பு, பழைய டப்பா டி.வி. பக்கமும் போகாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைக் கொல்லுகிற கரண்ட் தங்கியிருக்கும்.

இப்போது முக்கியமான விஷயம். காரீயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் ரோசின் புகைதான், அந்தச் சூட்டில் காரீயம் ஆவியாகாது. ஆனால் அந்தப் புகையே ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். ஜன்னலைத் திறந்து, புகை முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் போகிற மாதிரி சின்ன ஃபேன் வையுங்கள். காரீயமோ கை வழியாக வாய்க்குப் போவது. சாப்பாட்டு மேஜையில் இந்த வேலையே கூடாது. கம்பியைப் பல்லால் கடித்துப் பிடிப்பதும் கூடாது (பிள்ளைகள் செய்வார்கள், கவனியுங்கள்). கீழே பேப்பரை விரித்து, சிதறிய துணுக்குகளை ஒரு டப்பாவில் தனியாகப் போடுங்கள். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சமையலறைக்குள் நுழைய வேண்டும். மாசமாக இருக்கிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

சாமான் வாங்க ரிச்சி தெருதான். டோல்கேட் வழியாக மெட்ரோ ஓட ஆரம்பித்த 2021-க்குப் பிறகு எனக்கு அது சிரமமாகத் தெரிவதில்லை, அரசினர் தோட்டத்தில் இறங்கினால் போதும். 25 வாட் அயர்ன், ரோசின் டப்பா, பழைய ஈயத்தை உறிஞ்ச ஒரு பம்ப் வாங்குங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் காரீயம் கலக்காத கம்பியாகவே கேளுங்கள். அதற்குச் சூடு கொஞ்சம் கூட வேண்டும். ஆறினதும் மங்கலாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஒட்டவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.