உத்தியோகம் தேடுவோரின் திண்ணையும் உள்வீடும்

ஒருவனை ஒரு தொழிலில் அமர்த்துமுன் அவனது இயல்பை ஆராய்தல் இன்று புதிதாய்ப் புகுந்த வழக்கம் அன்று. வள்ளுவனார் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தனர். ஆயினும் அரசன் தன் அமைச்சனை ஆராய்ந்ததற்கும், இக்காலத்துக் கம்பெனியார் எழுத்தர் வேலைக்கு விண்ணப்பஞ் செய்த இளைஞனது சமூக வலைத்தளப் பக்கத்தைத் துருவி நோக்குதற்கும் பெரிதும் வேற்றுமை உண்டு. முன்னதில் ஆராயப்படுவோர் மிகச் சிலர். பின்னதில் வேலை நாடும் எவரும் ஆராயப்படலாம். தாம் ஆராயப்பட்டதையே அவருட் பலர் அறியார்.

2003-ஆம் ஆண்டு தொடங்கிய லிங்க்டின் என்னுந் தளம் தொழில் கருதி அமைந்தது. தம் கல்வியையும் தொழிற் பயிற்சியையும் அதில் வெளியிடுவோர், பிறர் காணவேண்டும் என்றே வெளியிடுகின்றனர். அதனை நாம் வீட்டுத் திண்ணைக்கு ஒப்பிடலாம். 2004-இல் தோன்றிய ஃபேஸ்புக்கோ, உற்றாரும் நண்பரும் கூடிப் பேசும் உள்வீடு போல்வது. திண்ணைக்கு வந்தவர் உள்வீட்டை எட்டிப் பார்த்தலே ஈண்டு எழும் இடர்ப்பாடு.

அமெரிக்காவில் மொன்டானா மாகாணத்துப் போஸ்மன் நகராட்சியார், விண்ணப்பதாரர் தம் வலைத்தளக் கணக்குகளின் கடவுச்சொற்களையும் எழுதித் தருமாறு கேட்டுவந்தமை 2009-இல் வெளியாயிற்று. எட்டிப் பார்த்தல் போதாதென்று திறவுகோலையே வேண்டினர் போலும்! மக்கள் வெகுண்டெழவே, சின்னாட்களுள் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. 2012-இல் மேரிலாந்து மாகாணம், முதலாளிமார் இங்ஙனங் கேட்டலைச் சட்டத்தால் முதன்முதல் தடுத்தது. பின்னர் இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்கள் அவ்வழிச் சென்றன.

திறவுகோல் இன்றியே காணத்தக்கவை பலவாதலின், தீங்கு அத்துடன் ஒழிந்திலது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் இருவர், அமெரிக்க முதலாளிமார் 4,000 பேருக்கு மேற்பட்டோர்க்குக் கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினர். விண்ணப்பத்தில் சமயக் குறிப்பு இல்லை. வலைத்தளப் பக்கத்தில் மட்டும் ஒருவன் கிறிஸ்தவன் எனவும் மற்றொருவன் முஸ்லிம் எனவும் தோன்றுமாறு செய்தனர். நாடு முழுவதையும் நோக்கின் பெரிய வேற்றுமை புலப்படவில்லை. குடியரசுக் கட்சி வலிமையுற்ற பகுதிகளிலோ, கிறிஸ்தவனுக்கே நேர்காணல் அழைப்பு மிகுதியாய் வந்தது. அம்மிகுதி நம் சமயத்தானுக்குக் கிட்டியது பற்றி நாம் மகிழ்தற்கில்லை. ஒருவன் தொழுமிடத்திற்கும் அவன் தொழிற்றிறத்திற்கும் இயைபு யாது?

நம் நாட்டில், உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஒன்பதின்மர் 2017 ஆகஸ்டு 24-இல், அந்தரங்கம் அடிப்படை உரிமையே என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். எனினும் ஒருவர் தாமே பொதுவில் வைத்ததை எத்தீர்ப்பும் மறைத்துவிடாது. ஆகவே வேலை தேடப் புகுவோர், தம் பெயரை வலையில் தேடி, அந்நியர் கண்ணுக்கு யாது தென்படுகிறது எனக் காண்பது நன்று. பழைய பதிவுகளை நண்பர் மாத்திரம் காணும்படி ஒருங்கே அடைக்கும் ஏற்பாடு ஃபேஸ்புக்கில் உண்டு. நண்பர் நம் பெயரைச் சுட்டி வெளியிடும் படம் நம் பக்கத்தில் தோன்றுமுன் அதனைப் பார்வையிட்டுத் தடுக்கவும் இயலும். ஆனால் அப்படம் நண்பரது பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும். அதனை நீக்குமாறு அவரைத்தான் கேட்டல் வேண்டும். விடுதிக் கொண்டாட்டத்தில் எடுத்த படத்தை உடனே வெளியிடும் நம்மவர், அதில் நிற்கும் தோழரை முன்னரே ஒருவார்த்தை கேட்டல் எத்துணை எளிது!