கைக்குழந்தையின் கடல் மூட்டை

பயணம் புறப்படுகையில் பெரியவர்கள் ஒரு பொருளை மறந்துவிட்டால், அதை வழியில் வாங்கிக்கொள்ளலாம். பிறரிடம் இரவல் பெறலாம். ஒன்றும் இயலாவிடில் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு இம்மூன்றும் கைகூடா. தனக்கு வேண்டியது இன்னதென்று அது சொல்ல அறியாது, பொறுக்கவும் அறியாது. கடலின் நடுவிலோ கடைத்தெரு இல்லை. எனவே, கைக்குழந்தையோடு கப்பலேறுவோர் கட்டும் மூட்டையில் எதை வைப்பது, எதை விடுப்பது என்பது வெறும் வீட்டு வேலையன்று. அது முன்னறிவைச் சோதிக்கும் ஒரு தேர்வு. உடலியலும் வேதியியலும் வரலாறும் சட்டமும் அம்மூட்டைக்குள் அடங்கியிருக்கின்றன.

இதனை ஆராய்வதற்குப் புதுச்சேரிச் சீமை பொருத்தமான இடம். வில்லியனூரும் பாகூரும் உழவர் ஊர்கள். சங்கராபரணி ஆறும் பாகூர் ஏரியும் அவற்றை வளப்படுத்தின. 1880-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு தன் இந்தியப் பகுதிகளைப் பத்துக் கொம்யூன்களாக வகுத்தபோது, இவ்விரண்டும் தனித்தனிக் கொம்யூன்களாயின. நெல்லும் கரும்பும் விளையும் இந்நாட்டுப்புறத்திற்குக் கடல் தொலைவில் இல்லை. அக்கடல் வழியே புதுச்சேரிச் சீமையினர் நெடுந்தொலைவு சென்றிருக்கின்றனர்.

1853 மே மாதத்தில் 'ஒரேலி' என்னும் கப்பல், முந்நூறுக்கு மேற்பட்ட இந்தியரை அமெரிக்கக் கண்டத்தை ஒட்டிய மார்த்தினிக் தீவில் இறக்கியது. அடுத்த ஆண்டிறுதியில் குவாதலூப் தீவும் இந்தியரை ஏற்றது. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின், புதுச்சேரியும் காரைக்காலும் ஒப்பந்தத் தொழிலாளர் புறப்படும் துறைகளாக விளங்கின. சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டது 1869-இல்தான். அதற்கு முன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்ற பாய்க்கப்பல்கள் மேற்கிந்தியத் தீவுகளை அடைய ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று. பின்னர், 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்ற புதுச்சேரியார் பலர், அரசுப் பணி பெற்றுச் சைகோன் முதலிய நகரங்களுக்குக் குடும்பத்தோடு சென்றனர். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'ராஜூலா' என்னும் கப்பல் 1926 முதல் 1973 வரை தமிழர்களைச் சுமந்தது. இக்கப்பல்களில் கைக்குழந்தைகளும் சென்றார்கள்.

அக்குழந்தைகளைச் சட்டம் எவ்வாறு கணக்கிட்டது? பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1855-இல் இயற்றிய பயணிகள் சட்டத்தைக் காண்போம். அச்சட்டத்தில் பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் உடையவர் ஒரு முழு ஆள். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் இருவர் சேர்ந்தால் ஓர் ஆள். ஒரு வயது நிரம்பாத குழந்தை கணக்கிலேயே இல்லை. முழு ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குவார்ட்டு, அதாவது ஏறத்தாழ 3.4 லிட்டர், தண்ணீர் உண்டு. முதல் பிறந்த நாளைக் கண்ட குழந்தை அன்றுதான் அரை ஆளாகி, 1.7 லிட்டருக்கு உரிமை பெற்றது. ஆனால் நோய் அரை அளவாக வருவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடியேற்றக் கப்பல்களில் சிறு குழந்தைகள் பெரியவர்களைவிட மிகுதியான விகிதத்தில் இறந்தனர் என்பதைக் கப்பல் பதிவுகள் காட்டுகின்றன. கப்பலின் கணக்கு எங்கே குறைகிறதோ, அங்கே வீட்டாரின் மூட்டைதான் நிறைவு செய்யவேண்டும். இக்கருத்தை மனத்திற்கொண்டு மூட்டையை அவிழ்த்துப் பார்ப்போம்.

முதலில் கட்டும் முறை. புதுச்சேரியில் கப்பல் கரையை அணுகி நிற்க இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல் கடலில் சற்றுத் தொலைவில் நங்கூரமிடும். ஆணி அறையாமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த சலங்குப் படகுகள் அலைகளைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கொண்டு செல்லும். பிற்காலத்தில் கட்டப்பெற்ற இரும்புப் பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. ஆடும் படகிலிருந்து ஆடும் கப்பலுக்கு ஏறுகிறவர் ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறு கையால் ஏணியைப் பிடிக்கவேண்டும். மூட்டையைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே குழந்தையின் பொருள்கள் தோளில் மாட்டத்தக்க ஒரே கட்டாக இருத்தல் நலம். அலை தெறித்தாலும் உள்ளே நனையாதவாறு மெழுகுத் துணியால் சுற்றுதல் நலம். இது பழங்கதையன்று. 2025 ஜூலையில் ஓர் உல்லாசக் கப்பல் புதுச்சேரிக்கு வந்தபோதும், அது கடலில் நிற்க, பயணிகள் சிறு படகுகளிலேயே கரைக்கு வந்தனர்.

அடுத்தது துணி. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பழைய பருத்திச் சேலையையும் வேட்டியையும் கிழித்து வைப்பார்கள். பலமுறை துவைத்த நூல் மென்மையானது. ஈரத்தை விரைவில் உறிஞ்சும். ஆனால் கப்பலில் நன்னீர் அளவோடு கிடைத்த நாளில், கடல் நீரில் துவைக்க நேர்ந்தது. கடல் நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகப் படிவதால் நுரை எழுவதில்லை. துணி உலர்ந்த பின்னும் இழைகளில் தங்கிய உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் துணியை மீண்டும் பதமாக்கும். அந்த ஈரமும் உப்புத் துகளும் உராய்ந்து குழந்தையின் தொடையிடுக்கைப் புண்ணாக்கும். எனவே கடற்பயணத்திற்கு வீட்டில் வைப்பதைவிட மிகுதியான துணி வேண்டும். கடைசி அலசலையாவது நன்னீரில் செய்யவேண்டும். இக்காலத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் டயப்பர் வந்துவிட்டது. அதற்கும் கணக்கு உண்டு. நாளொன்றுக்கு ஏழு என வைத்தால் ஏழு நாளுக்கு நாற்பத்தொன்பது. கப்பல் தாமதமானாலும் வயிறு கெட்டாலும் உதவும்பொருட்டு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் ஏறத்தாழ அறுபத்தைந்து.

மூன்றாவது உணவு. ஒரு வயதுக் குழந்தையின் இரைப்பை சிறியது. வளர்ச்சியின் தேவையோ பெரியது. இவ்வயதில் நாளொன்றுக்கு மூன்று நான்கு வேளை உணவும், இடையில் ஓரிரு முறை சிற்றுணவும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம் என்பதும் அதன் அறிவுரை. கடலில் தாய்ப்பாலுக்கு நிகரான உணவு வேறில்லை. அதற்குப் பாத்திரம் வேண்டா, அடுப்பு வேண்டா, கெட்டுப்போகும் என்ற அச்சமும் வேண்டா. அதனோடு கேழ்வரகு மாவு, அரிசியும் பாசிப்பயறும் வறுத்து அரைத்த மாவு ஆகியவற்றைக் கொண்டு செல்லலாம். வறுப்பதால் மாவின் ஈரம் குறைகிறது. ஈரம் குறைந்தால் பூஞ்சையும் புழுவும் எளிதில் அண்டா. கொதித்த நீர் கிடைத்தால் அம்மாவு சிறிது நேரத்தில் கஞ்சியாகிவிடும். முழு வேர்க்கடலை, உடைந்த முறுக்கு போன்றவற்றைக் குழந்தையின் மூட்டையில் வைத்தலாகாது. அவை மூச்சுக்குழாயில் சிக்கும்.

பாத்திரமும் ஆராயத்தக்கது. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் பேர் பெற்ற ஊர். மண்பானை நீரைக் குளிரச் செய்யும். ஆனால் ஆடும் கப்பலில் உடையும். ஆகவே மூடியுள்ள உலோகச் செம்பே கடலுக்கு ஏற்றது. பால் புகட்டுவதற்கு நம்மவர் கண்ட மூக்குள்ள சிறு பாலாடை, கழுவுவதற்கு மிக எளியது. புட்டியிலும் அதன் இரப்பர் முனையிலும் உள்ள இடுக்குகளில் பால் தங்கிக் கிருமி வளரும். நீர் அருமையாகும் இடத்தில், குறைந்த நீரில் தூய்மையாகும் பாத்திரமே சிறந்த பாத்திரம்.

நான்காவதாகத் தூளியைக் கூறலாம். ஒரு சேலையும் ஒரு கயிறும் சேர்ந்தால் தூளி. கப்பல் பக்கவாட்டில் சாயும்போது கட்டில் அதனோடு சாயும். தொங்கும் துணியோ, புவியீர்ப்பினால் ஏறக்குறைய நேராகவே நிற்கும். மாலுமிகள் தொங்கு படுக்கையில் உறங்கியதும் இதே காரணத்தால்தான். எனினும், உறுதியற்ற இடத்தில் தூளி கட்டுவது தீங்காகும். இன்றைய பெரிய கப்பல்களில் முன்கூட்டிக் கேட்டால் அடைப்புள்ள தொட்டிலே தருகின்றனர், அதுவே பாதுகாப்பானது.

கடல் மயக்கத்தைப் பற்றி ஒரு வியப்பான உண்மை உண்டு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது பெரும்பாலும் தாக்குவதில்லை. தாக்கப்படுகிறவர் தாயோ தந்தையோதான். தலை சுற்றிப் படுத்திருக்கும் தாய், துணி எங்கே, மாவு எங்கே என்று சொல்லும் நிலையில் இருக்கமாட்டார். ஆகவே மூட்டையைத் தாய் மட்டும் அறிந்தால் போதாது. தந்தையும் உடன்வரும் பாட்டியும் இருட்டிலும் கைவைத்து எடுக்கும்படி, துணி ஒரு பை, உணவு ஒரு பை, மருந்து ஒரு பை என்று வகுக்கவேண்டும். பெரியவர்களின் மயக்க மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுத்தல் கூடவே கூடாது.

மருந்துப் பையில் முதலிடம் பெறவேண்டியது உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலம். ஒரு வயதுக் குழந்தையின் எடை ஒன்பது அல்லது பத்துக் கிலோகிராம். வயிற்றுப்போக்கால் ஒரு லிட்டர் நீர் வெளியேறினால், உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போய்விட்டது என்பது பொருள். அது உயிருக்கு ஆபத்து. உப்பும் குளுக்கோசும் சேர்ந்தால் குடல் நீரை எளிதில் உறிஞ்சும் என்னும் உண்மை, பாய்க்கப்பல் காலத்தார் அறியாதது. 1971-இல் வங்கதேச அகதிகளிடையே வாந்திபேதி பரவியபோது, மருத்துவர் திலீப் மகலானபீசு இக்கரைசலைப் பருகக் கொடுத்துப் பெருந்தொகையினரைக் காப்பாற்றினார். பொட்டலம் இல்லாவிடில், ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சமதேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்கலாம். பிள்ளைவளர்ப்பான் என்று பெயர் பெற்ற வசம்பு நம் மூட்டைகளில் நெடுங்காலம் இடம் பெற்றிருந்தது. அதைக் குழந்தைக்கு உள்ளே கொடுக்க இன்றைய மருத்துவர் இசைவதில்லை. தடுப்பூசிக் குறிப்பேடு அதன் இடத்தைப் பெறுவதே முறை.

இறுதியாகத் தாள்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வில்லியனூரிலும் பாகூரிலும் 'மேரி' என வழங்கிய கொம்யூன் அலுவலகத்தில் பிறப்பைப் பதிவு செய்வார்கள். அப்பதிவின் படி இல்லையேல், குழந்தை யாருடையது, எந்நாட்டது என்பதை அயல்துறையில் நிறுவுதல் அரிது. இன்று கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலில் சில மணி நேரப் பயணம்தான். ஆயினும் அது வேற்று நாட்டுப் பயணமே. உல்லாசக் கப்பல் நிறுவனங்கள் பல, ஆறு மாதம் நிரம்பாத குழந்தையை ஏற்பதில்லை. நெடுங்கடல் கடக்கும் பயணங்களுக்கு ஓராண்டு நிரம்பியிருக்கவேண்டும் என்று விதிக்கின்றன. முதல் பிறந்த நாள், 1855-இல் போலவே, இன்றும் கடலில் ஓர் எல்லைக்கோடாக நிற்கிறது.

ஆனால் கணக்கு மாறியிருக்கிறது. 1912-இல் 'டைட்டானிக்' மூழ்கியதன் விளைவாக, 1914-இல் கடலில் உயிர்காக்கும் பன்னாட்டு உடன்படிக்கை தோன்றியது. பலமுறை திருத்தப்பெற்ற அதன் இன்றைய விதிப்படி, 15 கிலோகிராமுக்குக் குறைந்த எடையுள்ள சிசுக்களுக்கெனத் தனி மிதவைச் சட்டை உண்டு. இருபத்து நான்கு மணி நேரமும் அதற்கு மேலும் செல்லும் பயணிகள் கப்பலில், ஒவ்வொரு சிசுவுக்கும் ஒரு சட்டை இருத்தல் வேண்டும். அதனினும் குறுகிய பயணங்களில், மொத்தப் பயணிகளில் நூற்றுக்கு இரண்டரை வீதம் இருந்தால் போதும். ஆகவே குறுகிய கடல்வழியில் செல்லும் பெற்றோர், கப்பலில் ஏறியவுடன் செய்யவேண்டிய முதல் வேலை, குழந்தைக்குரிய சட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டு, அதை அணிவித்துப் பார்த்தல். விளையாட்டுக்கு ஊதும் காற்றுப் பைகள் அதற்கு ஈடாகா.

ஒரு காலத்தில் அரை ஆளாக மதிக்கப்பட்ட குழந்தை, மிதவைச் சட்டையின் கணக்கில் இன்று முழு ஆளாகியுள்ளது. அக்கணக்கில் ஏறாதவை இன்னும் பல: இரவு இரண்டு மணிக்குத் தேவைப்படும் உலர்ந்த துணி, பசித்தவுடன் கிடைக்கவேண்டிய ஒரு பாலாடைக் கஞ்சி, காய்ச்சல் கண்டபோது கைக்கெட்டும் மருந்து. இவற்றை எந்தக் கப்பலும் நமக்காக எண்ணி வைக்காது. கடலில் மட்டுமன்று, பேருந்திலும் இரயிலிலும், வெள்ளத்திற்கு அஞ்சி முகாமுக்குச் செல்லும் இரவிலும் இது பொருந்தும். வீட்டில் தம்பியோ தங்கையோ உடைய மாணவர்கள், அக்குழந்தைக்கு ஒரு நாளில் எத்தனை துணி, எத்தனை வேளை உணவு, எவ்வளவு நீர் தேவைப்படுகிறது என்பதை ஒருமுறை உடனிருந்து எண்ணிக் குறித்துவைத்தால், மூட்டை கட்டும் கலையில் பாதி கைவந்துவிடும்.