கருங்காய்ச்சல்: ஊரைக் கேட்டால் உயிர் பிழைக்கும்

பினாங்கில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது டிங்கிதான். ஆனால் டிங்கி காய்ச்சல் வாரக் கணக்கில் நீடிப்பதில்லை. இரண்டு வாரம் கடந்தும் விடாத காய்ச்சல், நாளுக்கு நாள் மெலியும் உடல், இரத்தச் சோகை, இடப்பக்க விலாவுக்குக் கீழே வீங்கித் தெரியும் மண்ணீரல் ஆகியவை ஒருவரிடம் சேர்ந்து காணப்பட்டால் என்ன செய்வது? அவர் பீகார், நேப்பாளம், வங்காளதேசம் போன்ற இடங்களிலிருந்து வந்தவராக இருந்தால், கருங்காய்ச்சலையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வட இந்தியாவில் இதைக் காலா அசார் என்பார்கள்.

இது குணப்படுத்தக்கூடிய நோய்தான். ஆனால் சிகிச்சை கிடைக்காவிட்டால் 100 பேரில் 95 பேருக்கு மேல் இறந்துவிடுவர் என்று உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது.

நோயைப் பரப்புவது மணல் ஈ. பெயர்தான் ஈ, கொசுவில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். சத்தமின்றி வரும், சாதாரணக் கொசுவலையின் கண்களுக்குள்ளும் நுழைந்துவிடும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுக் கொட்டகையின் ஈர மண்ணிலும் பெருகும். அது கடிக்கும்போது ஒட்டுண்ணிக் கிருமி உடலுக்குள் செல்கிறது. கிருமிகளை விழுங்கி அழிக்க வேண்டிய வெள்ளை அணுக்கள் இதையும் விழுங்குகின்றன. ஆனால் இந்தக் கிருமியோ அழியாமல், அந்த அணுவுக்குள்ளேயே குடியிருந்து பெருகுகிறது. பிறகு மண்ணீரல், ஈரல், எலும்பு மச்சை என்று பரவுகிறது.

இந்தக் கிருமியின் வரலாற்றில் சென்னைக்கும் பங்குண்டு. கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணியாற்றி, காய்ச்சலில் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில் தாம் கண்டதை வில்லியம் லீஷ்மன் 1903-ஆம் ஆண்டு வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டோனவன், உயிரோடிருந்த நோயாளியின் மண்ணீரல் இரத்தத்திலேயே அதைக் கண்டார். அதுவரை முற்றிய மலேரியா என்று கருதப்பட்டு வந்தது வேறொரு நோய் எனத் தெளிவாயிற்று. இருவர் பெயரையும் இணைத்து ‘லீஷ்மேனியா டோனவானி’ என்று பெயரிட்டவர் ரொனால்ட் ராஸ்.

கிருமி தெரிந்தது, அதைச் சுமந்து வருவது எது? சென்னையில் பேட்டன் என்ற ஆய்வாளர் மூட்டைப்பூச்சியைச் சந்தேகித்தார். பிறகு ஆய்வாளர்களின் கவனம் மணல் ஈயின் பக்கம் திரும்பியது. ஆனால் அது கடித்து நோய் பரவுவதை மெய்ப்பிக்க முடியவில்லை. இரத்தம் குடித்த ஈக்களுக்கு உலர்ந்த திராட்சையைக் கொடுத்துப் பார்த்தபோதுதான் வழி பிறந்தது. இனிப்பு கிடைத்ததும் கிருமிகள் ஈயின் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் பெருகின. அத்தகைய ஈக்களைத் தன்னார்வலர்களைக் கடிக்க விட்டு, நோய் பரவுவதை 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் உறுதிப்படுத்தினர். கிருமியைக் கண்டதற்கும் இதற்கும் இடையே 39 ஆண்டுகள்!

இதற்கிடையே, 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி கண்ட யூரியா ஸ்டிபமைன் மருந்து ஏராளமான உயிர்களைக் காத்தது. மலேரியாவை ஒழிக்க அடித்த டி.டி.டி. மணல் ஈயையும் குறைத்தது. மருந்தடிப்பது நின்றதும் 1970-களில் பீகாரில் நோய் மீண்டும் தலைதூக்கியது. இதன்பின் விடாமுயற்சி பலன் தந்தது. 2023-இல், பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நோயை ஒழித்த முதல் நாடாக வங்காளதேசத்தை உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. ஒழித்தது என்றால் ஒரு நோயாளியும் இல்லை என்று பொருளல்ல. மிகவும் குறைந்துவிட்டது என்றே பொருள். குணமானவர்களில் சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தோலில் வெளிறிய தேமல் தோன்றும். அதில் கிருமி இருக்கும்.

பினாங்கு இதைப் பற்றி ஏன் எண்ண வேண்டும்? மலேசியாவில் இந்நோய் நிலைகொண்டதில்லை. ஆனால் தொழிற்சாலைகளிலும் கட்டுமானத் தளங்களிலும் வங்காளதேசத்தவரும் நேப்பாளத்தவரும் பலர் உழைக்கின்றனர். கடிபட்ட பிறகு நோய் வெளிப்பட மாதங்கள் ஆகலாம். சிலருக்கு ஆண்டுகளும் ஆகும். நலமாக வந்திறங்கியவர் இங்கு வந்து படுக்கையில் விழலாம். பக்கத்துத் தாய்லாந்தில், தென்பகுதி உட்பட, உள்ளூரிலேயே நோய் தொற்றியவர்கள் 1996 முதல் பதிவாகி வருகின்றனர்.

கருவிகளும் இன்று உண்டு. விரல் நுனியில் எடுக்கும் ஒரு துளி இரத்தத்தை வைத்து, அரை மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும் பரிசோதனைப் பட்டை வந்துவிட்டது. இதே முறையில் இரத்தத்தின் எதிர்ப்பொருளைக் கொண்டு யானைக்கால் நோயைக் கண்டறியும் துரிதப் பரிசோதனையை உருவாக்கியது பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்தான். அதே பல்கலைக்கழகத்தில் நோய் பரப்பும் பூச்சிகளை ஆராயும் பிரிவும் இயங்குகிறது.

ஆயினும் பட்டையை எடுக்க வேண்டுமென்ற எண்ணம் முதலில் வர வேண்டும். “எந்த ஊர்? எப்போது வந்தீர்கள்?” என்று மருத்துவர் கேட்கும்போதுதான் அந்த எண்ணம் பிறக்கும். நோயாளிக்கு மலாய் சரியாகப் பேச வராதிருக்கலாம். அவரை அழைத்துச் செல்லும் முதலாளியோ, மேற்பார்வையாளரோ, அறைத் தோழரோ இந்த இரண்டு தகவலையும் தாமாகவே சொன்னால், ஓர் உயிர் தப்பக்கூடும்.