அறுவைத் துறைக்கு வரும் புதியவர்கள்

மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒன்றின் அறுவைத் துறையில் ஆண்டுக்கு ஒருமுறை புதியவர்கள் சிலர் வந்து சேருகின்றனர். துறைத் தலைவர் அவர்களைப் பெயர் சொல்லி அறிமுகம் செய்துவைக்கிறார். எங்கே பயின்றவர்கள், எந்தப் பிரிவில் பணியாற்றப் போகிறவர்கள் என்பது சொல்லப்படுகிறது. தேநீர் அருந்திய பின் எல்லோரும் கலைந்து செல்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் சம்பிரதாயமாகவே தோன்றும். ஆனால் அன்று முதல் அக்கட்டடத்தில் அறுவைக் கத்தியைப் பிடிக்கும் கைகளில் சில மாறிவிடுகின்றன. எந்தக் கை, எவர் மேற்பார்வையில், எவர் உடலில் என்ற கேள்விகளை மருத்துவர்களிடம் மட்டும் விட்டுவிட முடியாது. பொதுப் பணத்தில் நடைபெறும் பயிற்சி இது. ஆகவே அது பொதுமக்களின் கேள்வியும் ஆகும்.

இதை ஆராய மைசூர் ஏற்ற களம். கர்நாடகத்தின் முதல் மருத்துவக் கல்லூரியான மைசூர் மருத்துவக் கல்லூரி, நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆட்சியில் 1924-ஆம் ஆண்டு பெங்களூரில் தொடங்கப்பெற்று, 1930-இல் மைசூருக்கு மாற்றப்பட்டது. அதனுடன் இணைந்த கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனையை ஊரார் 'தொட்டாஸ்பத்ரே', அதாவது பெரிய ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான செலுவாம்பா மருத்துவமனையும் இக்கல்லூரியைச் சேர்ந்ததே. சுத்தூர் மடத்தின் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடம் 1984-இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இந்நகரில் உள்ளது. மண்டியா, சாமராஜநகர், குடகு ஆகிய மாவட்டங்களிலிருந்தும் கேரளத்தின் வயநாட்டிலிருந்தும் நோயாளிகள் இந்நகரை நாடி வருகின்றனர். ஓர் அரசுக் கல்லூரி, ஓர் அறக்கட்டளைக் கல்லூரி, நான்கைந்து மொழி பேசும் நோயாளிகள் என்ற இந்த அமைப்பில் நம் நாட்டு அறுவைப் பயிற்சியின் பல முகங்களையும் காணலாம்.

அறிமுகம் செய்யப்படுவோர் அனைவரும் ஒரே படியில் நிற்பவர் அல்லர். எம்.பி.பி.எஸ். படிப்புக்கு நான்கரை ஆண்டுகள், அதன்பின் ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டு, எம்.எஸ். பட்டத்துக்கு மூன்று ஆண்டுகள், சிறுநீரகவியல், நரம்பியல் போன்ற தனித்துறை அறுவைகளுக்கான எம்.சிஎச். பட்டத்துக்கு மேலும் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் ஃபெலோஷிப் பயிற்சியோ இரண்டு ஆண்டுகள். முதுகெலும்பு அறுவை, கை மற்றும் நுண் அறுவை, சிறுதுளை அறுவை எனக் குறுகிய பரப்பில் ஆழ்ந்த தேர்ச்சியை அது தருகிறது. பதினெட்டு வயதில் கல்லூரியில் கால் வைத்து, இடையில் ஓராண்டைக்கூட இழக்காத ஒருவர் எம்.சிஎச். முடிக்கும்போது அவருக்கு முப்பது வயதாகிவிடும். நடைமுறையில் நுழைவுத் தேர்வுகளுக்குச் செலவிடும் ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ள வேண்டும். வேறெந்தத் தொழிலிலும் மனித மூலதனம் உருவாக இவ்வளவு காலம் பிடிப்பதாகத் தெரியவில்லை.

பொருளாதாரம் பயின்றவர்களுக்கு 'கற்றல் வளைவு' பழகிய சொல். 1936-இல் டி.பி. ரைட் என்ற அமெரிக்கப் பொறியாளர் விமானத் தயாரிப்பை ஆராய்ந்து, உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒரு விமானத்துக்குத் தேவைப்படும் உழைப்பு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று காட்டினார். செய்து செய்து கற்பதன் பயனைக் கென்னத் ஆரோ 1962-இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார். தொழிற்சாலையில் இந்த வளைவின் தொடக்கத்தில் வீணாவது அலுமினியத் தகடு. அறுவைக் கூடத்தில் வீணாவது அதுவன்று.

பித்தப்பையைச் சிறுதுளை வழியே அகற்றும் முறை 1990-களின் தொடக்கத்தில் உலகெங்கும் பரவியது. இந்தியாவில் அதனை 1990-இல் மும்பையில் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா தொடங்கிவைத்தார். அதன் மறு ஆண்டு, அமெரிக்காவின் தென்மாநில அறுவை மருத்துவர் குழு ஒன்று தாங்கள் செய்த 1,518 அறுவைகளின் கணக்கை வெளியிட்டது. ஒவ்வொரு மருத்துவர் குழுவும் முதலில் செய்த 13 அறுவைகளில் பித்தநாளம் காயமுற்ற விகிதம் 2.2 சதவீதம், அதற்குப் பிந்தியவற்றில் 0.1 சதவீதம். இருபது மடங்குக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அனைவரும் மாணவர்கள் அல்லர். புதிய முறைக்கு மட்டுமே புதியவர்கள். 2013-இல் மிச்சிகன் மாநிலத்தில் இருபது அறுவை மருத்துவர்களின் கைத்திறனை, ஒளிப்பதிவைப் பார்த்துச் சக மருத்துவர்களே மதிப்பிட்டனர். திறனில் கடைசிக் கால்பங்கினரின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல்கள் ஏற்பட்டன. முதல் கால்பங்கினரிடம் இது 5.2 சதவீதமே. கைத்திறன் என்பது அளக்கக்கூடியது, அதைப் பொறுத்து உயிர் நிற்கிறது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே புதியவரின் பயிற்சிக்கு ஒரு விலை உண்டு. அதன் பயன் நாளைய நோயாளிகளுக்குச் செல்கிறது. விலையை இன்றைய நோயாளிகள் செலுத்துகின்றனர். நம் நாட்டில் இன்றைய நோயாளி என்பவர் பெரும்பாலும் அரசு மருத்துவமனையின் பொது வார்டில் படுத்திருப்பவர். வசதி உள்ளவர்கள், மற்றவர் உடலில் பழகி முடித்த கையைப் பின்னர் பணம் கொடுத்துத் தனியார் மருத்துவமனையில் பெற்றுக்கொள்கின்றனர். வரவு செலவுத் திட்டத்தின் எந்தத் தலைப்பிலும் இடம்பெறாத மானியம் இது. ஏழைகளே வசதி படைத்தவர்களுக்கு வழங்குகின்றனர். இதற்காகப் பயிற்சியை நிறுத்திவிட முடியாது. நிறுத்தினால் இருபது ஆண்டுகளில் அறுவை மருத்துவரே இல்லாமற் போவர். செய்யக்கூடியது ஒன்றே: அந்த விலையை இயன்றவரை குறைப்பது.

விலையைக் குறைக்கும் வழியை நம் முன்னோர் அறிந்திருந்தனர். நோயாளியைத் தொடுமுன் மாணவன் பூசணி, வெள்ளரி, சுரைக்காய் ஆகியவற்றில் வெட்டிப் பழக வேண்டும் என்றும், தடித்த துணியிலும் மெல்லிய தோலிலும் தைத்துப் பழக வேண்டும் என்றும் சுசுருத சம்ஹிதை கூறுகிறது. இன்றைய பயிற்சிக் கூடங்களிலுள்ள சிலிக்கான் தோலும் சிறுதுளைப் பயிற்சிப் பெட்டியும் அதே எண்ணத்தின் வளர்ச்சியே. படிப்படியாகப் பொறுப்பை ஏற்றும் முறையை ஜெர்மானிய மருத்துவமனைகளில் கண்டு வந்து, 1889-இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நிலைநாட்டியவர் வில்லியம் ஹால்ஸ்டெட். முதலில் அருகே நின்று பார்ப்பது, பின் உதவுவது, பின் மூத்தவர் அருகிருக்கத் தானே செய்வது, இறுதியில் தனியே செய்வது என்ற அந்த ஏணியே இன்று மைசூரிலும் சென்னையிலும் வேலூரிலும் உள்ளது. ஏணியில் எந்தப் படியும் தாண்டப்படாமல் இருப்பதற்கு மூத்தவர் அறையில் இருக்க வேண்டும். பல துறைகளில் தட்டுப்படுவது இதுதான். நள்ளிரவில் விபத்துக்குள்ளானவர் கொண்டுவரப்படும்போது பேராசிரியர் தொலைபேசியின் மறுமுனையில் இருக்கிறாரா, அறுவை மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறாரா என்பதைக் கொண்டே ஒரு துறையை மதிப்பிடலாம்.

அறிமுகம் என்ற சிறு சடங்கு உண்மையான மதிப்பைப் பெறுவது இங்கேதான். 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவைப் பாதுகாப்புக்கென 19 அம்சப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. தோலில் கத்தி படுவதற்கு முன், அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் தாம் ஆற்றும் பணியையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஓர் அம்சம். புதுதில்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பட்டியலைப் பின்பற்றியபோது, மரண விகிதம் 1.5-லிருந்து 0.8 சதவீதமாகவும் சிக்கல்கள் 11-லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன என்று 2009-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 101 மருத்துவமனைகள் இதே பட்டியலை ஏற்றபின் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை என்று 2014-இல் மற்றோர் ஆய்வு கூறிற்று. படிவத்தை நிரப்புவது வேறு, பெயரைச் சொல்லி ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது வேறு. இதை அரசு அலுவலகங்களில் பணியாற்றியவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை!

எனவே துறைத் தலைவரின் அறிமுகம் தேநீரோடு முடிந்துவிடலாகாது. புதியவர் எதைத் தனியே செய்யலாம், எதை மூத்தவர் முன்னிலையில் மட்டும் செய்யலாம் என்பது அறுவைக் கூடச் செவிலியருக்கும் மயக்க மருந்து நிபுணருக்கும் எழுத்தில் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால், எல்லை மீறப்படும்போது பணியில் இளைய ஒரு செவிலியர்கூட அதைச் சுட்டிக்காட்ட முடியும். தெரியாதபோது அவரது தயக்கம் இயல்பானதே. நோயாளிக்கும் புதியவர் அறிமுகப்படுத்தப்பட வேண்டும். உயர்சிறப்பு இடங்கள் அகில இந்தியக் கலந்தாய்வின் வழியே நிரப்பப்படுவதால், கன்னடம் அறியாத ஒருவர் மைசூரிலும், தமிழ் அறியாத ஒருவர் மதுரையிலும் வந்து சேருவது இன்று சாதாரணம். வலியைக் கன்னடத்தார் 'நோவு' என்பர். தமிழரான ஃபெலோவுக்கு அச்சொல் எளிதில் விளங்கிவிடும். வடக்கிலிருந்து வருபவர் முதல் வாரத்திலேயே அதைக் கற்றாக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் ரேகை வைப்பவர், தமக்கு அறுவை செய்யப்போகிறவர் யாரென்று தம் மொழியில் கேட்டறிந்த பின்னரே வைக்க வேண்டும் என்பது மிகையான கோரிக்கை ஆகாது.

புதியவர்கள் எப்போது வருகிறார்கள் என்பதும் பொருட்படுத்த வேண்டிய செய்தி. பிரிட்டனில் இளம் மருத்துவர்கள் அனைவரும் ஆகஸ்டு முதல் புதன்கிழமையன்று பணியேற்கின்றனர். 2000 முதல் 2008 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தவர்கள், அன்று அவசரமாகச் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் மரண வாய்ப்பு முந்தைய வார நோயாளிகளைவிட 6 சதவீதம் அதிகமென்று கண்டனர். நம் நாட்டில் இடர் வேறு வகையானது. இங்கே தேதியே நிலையாக இருப்பதில்லை. 2021-ஆம் ஆண்டின் முதுநிலை நுழைவுத் தேர்வு பெருந்தொற்றால் செப்டம்பருக்குத் தள்ளிப்போயிற்று. கலந்தாய்வு வழக்கினால் மேலும் தாமதமாயிற்று. மூன்று ஆண்டு மாணவர்கள் செய்ய வேண்டிய வேலையை இரண்டு ஆண்டு மாணவர்கள் சுமந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் தில்லியில் அவர்கள் நடத்திய போராட்டம் சம்பளத்துக்காக அன்று, உடன் உழைக்கப் புதியவர்களை அனுப்புங்கள் என்பதற்காகவே நடந்தது.

களைப்பு கையை நடுங்க வைக்கும். நியூயார்க்கில் 1984-இல் லிபி சயான் என்ற பெண்ணின் மரணம் எழுப்பிய விவாதத்தின் விளைவாக, பயிற்சி மருத்துவரின் வேலை நேரம் வாரத்துக்கு 80 மணி என 1989-இல் அம்மாநிலம் வரையறுத்தது. நம் மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு ரெசிடென்ஸி திட்டம், தொடர்ச்சியான பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டலாகாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு விதிகளோ எண்ணைக் குறிப்பிடாமல், நியாயமான வேலை நேரமும் ஓய்வும் வாரம் ஒரு விடுமுறையும் வேண்டும் என்கின்றன. 'நியாயமான' என்ற சொல்லுக்குப் பொருள் காணும் பொறுப்பு துறைத் தலைவரிடமே விடப்பட்டுள்ளது. எண் இருந்த இடத்தில் பண்புச்சொல்லை வைப்பது முன்னேற்றமென்று இக்கட்டுரையாளர் கருதவில்லை.

இனி, இவர்கள் பயிற்சி முடித்து எங்கே செல்கின்றனர்? கூட்டுறவு உறுப்பினர்களான விவசாயிகளுக்கு அறுவைச் செலவை ஏற்கும் யசஸ்வினி திட்டத்தைக் கர்நாடகம் 2003-இல் தொடங்கியது. ஆண்டுக்கு 60 ரூபாய் சந்தாவில் தொடங்கிய அத்திட்டம், சிற்றூர்களில் எவ்வளவு அறுவைத் தேவை மறைந்து கிடந்தது என்பதை வெளிக்கொணர்ந்தது. பணத்துக்கு வழி பிறந்தால் தேவை கதவைத் தட்டும். கதவைத் திறக்கக் கை வேண்டுமே! ஒரு சமுதாய சுகாதார நிலையத்துக்கு ஓர் அறுவை மருத்துவர் இருக்க வேண்டும் என்பது விதி. தேவையில் 83 சதவீதம் பற்றாக்குறை என்கிறது 2021–22-ஆம் ஆண்டின் ஊரக சுகாதாரப் புள்ளிவிவரம். 2014-இல் 31 ஆயிரத்தைச் சற்றே தாண்டியிருந்த முதுநிலை இடங்கள் பத்தாண்டுகளில் 70 ஆயிரத்தைக் கடந்தும் நிலைமை இதுவே.

இந்நிலையில் ஃபெலோஷிப் பயிற்சிகளைப் பெருக்குவது சரிதானா என்று கேட்போர் உண்டு. குடல்வால் அழற்சிக்கும் எலும்பு முறிவுக்கும் கை தேவைப்படும் ஊரில் நுண் அறுவை வல்லுநர் என்ன செய்வார்? கேள்வி நியாயமானதே. ஆனால் இருவகையினரையும் ஒன்றுக்கொன்று மாற்றாகக் கருதுவது கணக்குப் பிழை. வல்லுநரே பொது அறுவை மருத்துவருக்கு ஆசிரியர். கையை இயந்திரத்தில் கொடுத்துவிட்ட தொழிலாளியின் விரல்களைக் காக்கும் நுட்பம் ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எதிர்பார்க்க வேண்டியது, பயிற்சியின் ஒரு பகுதி மாவட்டத்தில் கழிய வேண்டும் என்பதே. எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் திட்டம் 2021-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் நடைமுறையில் உள்ளது. உயர்சிறப்புப் பயிற்சியினருக்கு அது பொருந்தாது. பொருந்தச் செய்வது கடினமுமன்று.

சாமராஜநகரிலும் மடிக்கேரியிலும் 2016-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பெற்றன. முன்பு மைசூருக்கே வர வேண்டியிருந்த நோயாளிகளில் ஒரு பகுதியினர் இப்போது தம் மாவட்டத்திலேயே சிகிச்சை பெற முடிகிறது. அங்கும் அறுவைத் துறைகள் உள்ளன. அங்கும் புதியவர்கள் வந்து சேருகின்றனர். அறுவை மேசையின் மறுபக்கத்தில் நிற்பதற்கு அத்துறைகளுக்குத் தேவைப்படும் மூத்தவர்கள், இந்த ஆண்டு மைசூரில் அறிமுகம் செய்யப்படும் இளைஞர்களிலிருந்தே வர வேண்டும்.