ஏலச்சீட்டு கட்டுறீங்களா? முதல்ல இந்தக் கணக்கைப் பாருங்க!

புதுச்சேரி மூலக்குளத்தில் வாடகைக்கு இருக்கும் ஓர் இளைஞருக்கு மாதச் சம்பளம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, பைக் டியூ, சாப்பாடு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சுவது 5,000. "மாசம் அஞ்சாயிரம், 20 மாசம் கட்டு தம்பி, ஒரு லட்சம் சீட்டு" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. மிஞ்சும் மொத்தத்தையும் அதில் போடலாமா?

சீட்டுப் பணம் எப்படிச் சுத்துது?

20 பேர், ஆளுக்கு 5,000. மாதா மாதம் ஒரு லட்சம் சேரும். அவசரத் தேவை உள்ளவர் ஏலத்தில் தள்ளி எடுப்பார். உதாரணமா, இரண்டாவது மாசம் ஒருவர் 30,000 தள்ளி எடுத்தால், அவர் கைக்கு வருவது 70,000. தள்ளிய பணத்தில் சீட்டு நடத்துபவர் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 எல்லாருக்கும் பிரியும். ஆளுக்கு 1,250. அதனால் அந்த மாசம் 3,750 கட்டினால் போதும்.

போகப் போகத் தள்ளும் தொகை குறையும். 20 மாசத்தில் இப்படி ஆளுக்கு மொத்தம் 9,000 கழிந்தால், ஒவ்வொருவரும் கட்டியிருப்பது 91,000.

யாருக்கு லாபம்?

கடைசி மாசம் எடுப்பவருக்கு கமிஷன் போக 95,000 கிடைக்கும். லாபம் 4,000. இதே பணத்தை 6.5 சதவீத வட்டி தரும் வங்கி ஆர்.டி-யில் போட்டிருந்தால் சுமார் 5,000 வந்திருக்கும். ஏலம் சூடாக நடந்தால் சீட்டில் லாபம் கூடும், மந்தமா போனால் குறையும்.

இரண்டாவது மாசம் எடுத்தவர் நிலைமை வேற. வாங்கியது 70,000, கட்டுவது 91,000. இதை வட்டியாகக் கணக்குப் போட்டால் மாதம் 3 சதவீதத்தைத் தாண்டும். வங்கி நகைக்கடன் வட்டியைவிடப் பல மடங்கு!

சிக்கலே இங்கதான். மிஞ்சும் பணம் முழுக்கச் சீட்டில் இருந்தால், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலோ, வேலை போனாலோ, தள்ளி எடுப்பதைத் தவிர வேற வழி இருக்காது. சேமிக்கப் போனவரே அதிக வட்டிக்குக் கடன் வாங்கியவர் ஆகிவிடுவார்.

அப்போ அவசரப் பணம் எங்கே?

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி. ஒரு நல்ல தொடக்கம். மாசம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், காலம் 5 வருஷம். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக உயர்ந்தது. அந்த வட்டியில் மாசம் 1,000 கட்டினால், மொத்தம் கட்டும் 60,000 முடிவில் சுமார் 71,300 ஆகும்.

12 தவணை கட்டி, ஒரு வருஷம் முடிந்ததும், இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம். வட்டி, ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம்தான் அதிகம். அதாவது வருஷத்துக்கு 8.7 சதவீதம். தவணை தவறினால் 100 ரூபாய்க்கு மாசம் 1 ரூபாய் அபராதம் உண்டு.

அந்த முதல் வருஷத்துக்கு என்ன செய்வது? உடனே எடுக்கக்கூடிய மாதிரி, ஒரு மாசச் செலவுக்கான பணத்தைச் சேமிப்புக் கணக்கில் சேர்ப்பதுதான் முதல் வேலை. ஏ.டி.எம் கார்டு இல்லாத தனிக் கணக்காக இருந்தால் கை வைக்கத் தோணாது.

அதுக்குப் பிறகும் சீட்டு வேணும்னா?

தாராளமா சேரலாம். மாசா மாசம் கட்டியே ஆகணும் என்ற கட்டாயம் பலருக்கு உதவுது. ஆனா இதையெல்லாம் பாருங்க:

• 1982-ம் வருஷச் சிட்பண்ட் சட்டப்படி, முன் அனுமதி வாங்கி, பதிவு செய்துதான் சீட்டு நடத்த முடியும். பதிவு எண்ணைக் கேளுங்க.

• கமிஷன் உச்சவரம்பு 7 சதவீதம். 2019 திருத்தத்துக்கு முன் இது 5 சதவீதமாக இருந்தது.

• தனிநபர் ஒருவர் நடத்தும் சீட்டுகளின் மொத்தத் தொகை 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது.

• எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், கட்டும் ஒவ்வொரு தவணைக்கும் ரசீது. இரண்டும் கட்டாயம் வாங்குங்க.

பதிவில்லாத சீட்டில் நடத்துபவர் ஊரைவிட்டுப் போனால், கட்டிய பணத்துக்கு உங்களிடம் ஆதாரமே இருக்காது. அக்கா தெரிந்தவர்தான், நல்லவர்தான். இருந்தாலும் பதிவு எண் கேட்பதில் கூச்சப்பட ஒண்ணுமில்லை.

5,000 மிஞ்சினால் சீட்டுக்கு 2,000-க்கு மேல் ஒதுக்காதீங்க. மீதி 3,000 சேமிப்புக் கணக்குக்கும் ஆர்.டி-க்கும் போகட்டும். சம்பளம் வந்த அன்னைக்கே போகட்டும்.