பல் வைத்தியசாலையில் பயம் ஏன்? அதைத் தணிப்பது எப்படி?

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் 1980ஆம் ஆண்டு ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பெற்ற கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கோ, கடலூர்க் கடைத்தெருவின் மாடியில் இருக்கும் சிறு வைத்தியசாலைக்கோ சென்றவருடைய நெஞ்சு, நாற்காலியில் சாயுமுன்னரே படபடப்பது ஏன்?

கிராம்புத் தைலத்தின் சத்தாகிய யூஜினால் நாசியில் ஏறியதும், நிமிஷத்திற்கு மூன்று லட்சம் முறை சுழலும் துளைக்கருவியின் கீச்சொலி செவியில் விழுந்ததும், முன்பு அனுபவித்த வேதனையின் ஞாபகம் விழித்தெழ, அட்ரினலின் ரத்தத்தில் கலந்து, இருதயம் விரைந்து, வாய் வறண்டு, சிறு வலியும் பெருவலியாகிறது. அதே கிராம்பு சமையலறையில் மணந்தால் பசியல்லவா எழும்!

ஆகவே, பரிகாரத்தில் ஒரு பாதி கட்டடத்தைச் சார்ந்தது. ஒலி காற்றின் வழியே கதவிடுக்கிலும் நுழைவதாதலால், சிகிச்சை அறைக்கும் காத்திருக்கும் கூடத்திற்கும் நடுவே கனத்த சுவரும், இடைவெளியின்றிப் பொருந்தும் கதவும் அவசியம். வாசனையை வெளியேற்ற எதிரெதிர் ஜன்னல்கள் வேண்டும். அவற்றின் வழியே தெரியும் காட்சியும் முக்கியம். ஜன்னலுக்கு வெளியே மரத்தைக் கண்ட நோயாளிகள், செங்கற்சுவரை மட்டும் கண்டவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினர் என்று, பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை ஆராய்ந்து ரோஜர் உல்ரிச் என்ற ஆய்வாளர் 1984இல் எழுதினார்.

வந்தவரை உட்காரவைக்கத் திண்ணையும், வானத்தைக் காட்ட முற்றமும் அமைத்த நம் பழைய வீடுகளின் இங்கிதத்தைப் புதிய வைத்தியசாலைகளும் கைக்கொள்வது உசிதம். முற்றத்தில் ஒரு வேம்பு நிழல் தந்தால் அதுவே முதல் மருந்து.