வயலுக்கும் அடுக்களைக்கும் ஓர் ஆசிரியர்

நல்ல விளைச்சல் ஒன்றே ஒரு குடும்பத்தின் உடல்நலத்தைக் காத்துவிடுவதில்லை. விளைந்ததில் எவ்வளவு வீட்டு உணவாகிறது, அது எவ்வாறு சமைக்கப்படுகிறது, நிலம் அடுத்த போகத்திற்கும் வளத்தோடு இருக்கின்றதா என்னும் மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இம்மூன்றையும் ஒரே பாடமாக்கி ஏழைக் கமக்காரருக்குக் கற்பித்தவர் அமெரிக்க நாட்டு ஜோர்ஜ் வாஷிங்டன் காவர். அப்பணிக்கு அவர் வந்து சேர்ந்த வழி நேரானதன்று.

பல தொழில் கண்ட இளமை

காவர் 1864ஆம் ஆண்டளவில் மிசூரி மாநிலத்தில் அடிமைப் பெண்ணொருத்தியின் மகனாகப் பிறந்தார். அவர் கைக்குழந்தையாயிருந்தபோது கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மட்டுமே மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. அவர்களுக்கு உரிமையாளராயிருந்த மோசஸ் காவரும் அவர் மனைவி சூசனும் பிள்ளையை வளர்த்தனர். மெலிந்த உடம்பினராதலால் வயல் வேலைக்கு ஏலாது, சமையல், சலவை, தையல் முதலியவற்றைக் கற்றார். எஞ்சிய நேரத்தைச் செடிகொடிகளோடு கழித்தார். வாடிய செடிகளை அயலார் அவரிடம் கொண்டுவந்து மருந்து கேட்பது வழக்கமாயிற்று.

அண்மையிலிருந்த பாடசாலையில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. ஆகவே ஏறக்குறைய 8 மைல் தொலைவிலுள்ள நியோஷோ என்னும் ஊருக்குச் சென்று படித்தார். பின்னர் கன்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகச் சென்று, பிறர் வீட்டில் சமைத்தும் துணி வெளுத்தும் உயர்தரக் கல்வியை முடித்தார். ஒரு கல்லூரி அவரை ஏற்பதாகக் கடிதம் எழுதியது. நேரிற் சென்றபோது நிறத்தைக் கண்டு வாயிலிலேயே திருப்பியனுப்பியது. 1886இல் கன்சாஸ் சமவெளியில் நிலம் பெற்று, புற்கரணையால் வீடு கட்டிக் கமஞ் செய்தார்.

1890இல் அயோவா மாநிலத்துச் சிம்ப்சன் கல்லூரியில் ஓவியமும் இசையும் பயிலச் சேர்ந்தார். அவர் செடிகளை வரைந்த நுட்பத்தைக் கண்ட ஓவிய ஆசிரியை எற்றா பட், தாவரவியல் பயிலுமாறு அவரைத் தூண்டினார். 1891இல் அயோவா மாநில விவசாயக் கல்லூரிக்கு மாறிய காவர், 1894இல் இளமாணிப் பட்டமும் 1896இல் முதுமாணிப் பட்டமும் பெற்றார். இதனிடையே, 1893இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியில் அவரது ஓவியமொன்றும் வைக்கப்பட்டது.

அலபாமாவிற் கண்ட நிலை

1896இல் புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பையேற்று, அலபாமா மாநிலத்து டஸ்கீகி கல்வி நிலையத்தில் விவசாயப் பகுதியின் தலைமையை ஏற்றார். அயலிலிருந்த நிலம் ஆண்டுதோறும் பருத்தி ஒன்றையே விளைவித்துச் சத்திழந்து, மழையால் அரிக்கப்பட்டுக் கிடந்தது. பயிரிட்டோரிற் பெரும்பாலார் வாரத்திற்கு உழும் கறுப்பின மக்கள். விளைச்சலில் ஒரு பங்கு நிலச்சொந்தக்காரருக்கும், மிகுதி கடைக்கடனுக்கும் போய்விடும். வீட்டு வாயில்வரை பருத்தி நின்றது. கறிக்கு ஒரு பாத்தியுமில்லை.

அவர்களது அன்றாட உணவு உப்பிட்ட பன்றிக் கொழுப்பும் சோள மாவும் கரும்புப் பாகும் ஆகும். வயிறு நிறையும், உடம்பு தேறாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பெலாக்ரா என்னும் நோய் அப்பகுதியிற் பரவிற்று. தோல் வெடித்து, வயிறு கழிந்து, சித்தம் கலங்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இது தொற்றுநோயன்று, உணவுக் குறையால் வருவதென்பதை 1914 முதல் ஆராய்ந்த மருத்துவர் ஜோசெப் கோல்ட்பேகர் நிறுவினார். குறைந்த சத்து நயாசின் என்னும் உயிர்ச்சத்தே என்பது 1937இல் தெளிவாயிற்று. சோளத்திலுள்ள நயாசினை உடம்பு எளிதிற் பெறுவதில்லை; நிலக்கடலையிலோ அது மிகுதியாயுண்டு. காரணம் அறியப்படு முன்பே காவரின் அறிவுரை சரியான திசையிற் சென்றது.

விளைவித்ததை உண்ணக் கற்பித்தல்

பருத்திக்கு மாற்றாகக் கௌபி, நிலக்கடலை, வற்றாளை ஆகியவற்றைக் காவர் பரிந்துரைத்தார். முதலிரண்டும் அவரையினப் பயிர்கள். அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பயிருக்கு உதவும் வடிவில் நிலைப்படுத்துகின்றன. வற்றாளையோ குறைந்த செலவில் நிறைய உணவு தருவது.

எனினும் வாங்குவோர் அரிதான பயிரை விளைவித்து என் செய்வது? இவ்வினாவுக்கு விடை அடுக்களையில் இருந்தது. சிறு வயதிற் கற்ற சமையலே இங்கு அவருக்குக் கைகொடுத்தது. 1916இல் வெளிவந்த அவரது நிலக்கடலைத் துண்டுப்பிரசுரம் பயிரிடும் முறையோடு 105 உணவு வகைகளையும் கூறிற்று. 1918இல் வந்த தக்காளிப் பிரசுரம் 115 வகைகளைத் தந்தது. எளிய நடையில் இத்தகைய 44 பிரசுரங்கள் அக்கால எல்லையில் டஸ்கீகியிலிருந்து வெளிவந்தன. நிலக்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் காவர் என்று பலர் கூறுவர்; அது பிழை. அவ்வுணவு அவருக்கு முன்னரே இருந்தது.

எழுத்தறியாதார் பிரசுரத்தை எங்ஙனம் படிப்பர்? அவர்களிடம் பாடசாலையே சென்றது. 1906இல் மொரிஸ் ஜெசப் என்னும் செல்வரின் பொருளுதவியால் கோவேறு கழுதை பூட்டிய வண்டியொன்று அமைக்கப்பட்டது. கலப்பை, விதை, பசளை, பால் கடையும் கருவி முதலியவற்றை ஏற்றிக்கொண்டு தோமஸ் கம்பெல் என்பவர் ஊர்தோறும் சென்று செய்து காட்டினார். 1918இல் வண்டியின் இடத்தை மோட்டார் வாகனம் பெற்றது.

அறிவுரையால் மட்டும் கடன் தீர்ந்துவிடவில்லை. நிலம் பிறருடையதாயின், எதை விதைப்பதென்னும் உரிமையும் பிறருடையதே. இதனை உணர்ந்த காவர், காசில்லாதவனும் செய்யத்தக்கவற்றையே முன்வைத்தார்: காட்டு இலைச் சருகும் சதுப்புச் சேறும் கொண்டு கூட்டெரு ஆக்குதல், வீட்டோரத்தில் காய்கறிப் பாத்தி அமைத்தல், தானாய் முளைக்கும் கீரைகளை அறிந்து உண்ணுதல். போர்க்காலமாகிய 1942இல் வெளியிட்ட பிரசுரத்திலும் காட்டுக் கீரைகளைப் பற்றியே எழுதினார். 1943 சனவரி 5ஆம் நாள் டஸ்கீகியிலேயே காலமானார்.

நம் வீடுகளுக்கு

காவர் பரிந்துரைத்த மூன்று பயிர்களும் நமக்குப் புதியனவல்ல. கச்சான் என நாம் வழங்கும் நிலக்கடலையும் கௌபியும் வற்றாளையும் நம் உலர்வலயத்தில் நன்கு விளைவன. பணப்பயிர் ஒன்றையே நம்பும் கமக்காரர் பின்வருவனவற்றைக் கருத்திற் கொள்வாராக.

1. ஒரு போகத்திலேனும் அவரையினப் பயிரொன்றைச் சுழற்சியிற் சேர்க்க வேண்டும். மணியோடு நைதரசனின் பெரும்பங்கு வெளியேறிவிடுமாதலால், கொடியையும் வேரையும் எரிக்காது மண்ணுக்கே திருப்பவேண்டும்.

2. விளைந்ததை முழுவதும் விற்றுவிடாது, வீட்டுத் தேவையை முதலில் ஒதுக்க வேண்டும். 100 கிராம் கச்சானில் ஏறக்குறைய 25 கிராம் புரதமுண்டு. அவித்த கச்சானும், தேங்காய்ப்பூ சேர்த்த கௌபியும் பிள்ளைகளுக்கு ஏற்ற சிற்றுணவாகும்.

3. கச்சானை நன்கு உலர்த்திச் சேமிக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்தவற்றில் ஈரலைத் தாக்கும் நஞ்சு உண்டாகலாம்; அவற்றை மக்களுக்கோ கால்நடைகளுக்கோ கொடுத்தல் ஆகாது.

4. கிணற்றடியில் வடியும் நீர் வீணாகாது, அங்கே ஒரு கீரைப்பாத்தி அமைத்துக்கொள்ள வேண்டும்.

தத்தம் மண்ணுக்கும் போகத்திற்கும் ஏற்ற இனங்களையும் விதைக்கும் காலத்தையும் அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறிந்து, விதையை முன்கூட்டியே பெற்றுக்கொள்ளல் நன்று.